முடிவு பண்ணியாச்சு

பல்லக்காவுக்குத் தொழிலில் அருவருப்பு என்பதே கிடையாது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் ட்ரேயை வைத்து அழுத்தி எடுக்கும் அளவுகள் எல்லாம் பிளாஸ்டிக் பைகளில் பல் லேபில் இருக்கும் அவளுடைய மேஜைக்குத்தான் வந்து சேரும். ரோஜா நிறப் பசையில் ஒரு முழு வாய் பதிந்திருக்கும். கூடவே கொஞ்சம் எச்சில், கொஞ்சம் ரத்தம், சில சமயம் அந்த ஆள் காலையில் தின்ற முட்டையின் துணுக்கு. குழாயில் காட்டிக் கழுவி, மருந்து தெளித்து, வெள்ளை மாவைக் குழைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்தால் யாரோ ஒருவருடைய பல்வரிசை கையில் நிற்கும். அதை வைத்துத்தான் அவள் பொய்ப் பல் கட்டுவாள். டீ வந்தால் அந்தப் பல்வரிசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அதே மேஜையில் பிஸ்கட் சாப்பிடுவாள். பக்கத்து மேஜையில் மெழுகு வேலை பார்க்கிறவர் (அவருக்கு அந்த லேபில் மெழுகு என்றே பேர்) "உங்க வயிறு வயிறா, இல்ல சிமெண்ட் தொட்டியா?" என்று கேட்பார். பல்லக்கா என்ற பேரும் அவர் வைத்ததுதான். பல் கட்டுகிற அக்கா. கேட்பதற்குப் பல்லக்கு மாதிரி இருக்கும். ஆனால் அவளை இதுவரை யாரும் தூக்கிக்கொண்டு போனதில்லை, தூக்கியதெல்லாம் அவள்தான்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு சனிக்கிழமை காலை, சொந்த வீட்டு ஹாலில், குமட்டிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டு மேஜையில் அவள் விரித்து வைத்திருந்த வரைபடத்தின் மேல் அவளுடைய கணவர் ஒரு காலைத் தூக்கி வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு துண்டு தெறித்துப்போய் ஒரு நாட்டின் தலைநகரத்துக்குப் பக்கத்தில் விழுந்தது, இன்னொன்று கடலில். மேல்வரிசையில் அவருக்கு மூன்று பல் கிடையாது. அதற்குக் கழற்றி மாட்டுகிற செட் ஒன்றை அவளே செய்து கொடுத்திருந்தாள். அதையும் கழற்றி, துடைக்கக்கூட இல்லாமல், வரைபடத்திலேயே வைத்திருந்தார். அது உட்கார்ந்திருந்த இடம் அவள் பென்சிலால் வட்டம் போட்டிருந்த ஒரு துறைமுகம். வட்டத்தைத் தாண்டி ஈரம் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.

"இங்க இருந்து கப்பல் வேண்டாம்," என்றார், முன்பல் இல்லாத வாயால். "எனக்குத் தலை சுத்தும். நாம விமானத்துலயே போயிடலாம்."

நாம! அந்தச் சொல் காதில் விழுந்ததும் நகமும் எச்சிலும் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு துணியை எடுத்து வந்து துறைமுகத்தைத் துடைத்தாள்.

விஷயம் இதுதான். பல்லக்கா வெளிநாடுகளைச் சுற்றிவர எட்டு மாதம் தன்னந்தனியாகக் கிளம்புகிறாள். லேபில் எல்லோருக்கும் அது தெரியும். கணவரிடமும் சொல்லத்தான் செய்தாள். அவர்தான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, தானும் பை வாங்கி வைத்துவிட்டார். அந்தக் கூத்தை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

சில வருடங்களுக்கு முன்னால் இருவரும் ஒரு டூர் கம்பெனியின் பஸ்ஸில் ஏறி வெளிநாடு போய் வந்தார்கள். ஜன்னல் சீட் அவருக்கு, காற்று வேண்டுமாம். வழிகாட்டி அவளைப் பார்த்து "உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டால், "ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று இவர் பதில் சொல்வார். இறங்கிய இடமெல்லாம் இவர் முன்னால் நடப்பார். அந்தப் பயணத்தில் அவள் கண் நிறையப் பார்த்தது அவருடைய பிடரியைத்தான். அதன் மடிப்புகளை இன்றைக்குக் கேட்டாலும் வரைந்து காட்டுவாள். திரும்பி வந்து பெட்டியைத் திறந்து அழுக்குத் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குள் ஒன்று விழுந்துவிட்டது. இனிமேல் போனால் நானாகப் போவேன்.

அதன்பிறகு டீ நேரமெல்லாம் அதற்கே போனது. எந்த நாட்டு விசா கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும், எது எல்லையைத் தாண்டிய நாளிலிருந்து ஓடும், எங்கே மழை எப்போது, எந்தக் கப்பல் கோடையில் மட்டும் போகும் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தாள். பல் கட்டும்போது முன்பல்லில் தொடங்கிக் கடைவாய்க்குப் போவது வழக்கம். இந்தப் பயணத்தையோ கடைவாயில் தொடங்கி முன்னால் கொண்டுவர வேண்டியிருந்தது. கடைசி நாட்டின் மழைதான் முதல் நாட்டுக்கு எப்போது கிளம்புவது என்பதைத் தீர்மானித்தது. முதலாளியிடம் சம்பளமில்லாத விடுப்புக் கேட்டாள். அவர் முனகினார், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், பிறகு "போய்த் தொலைங்க, திரும்பி மட்டும் வந்துடுங்க" என்றார். மெழுகு "யாரோட போறீங்க?" என்று கேட்டபோது, "நான் மட்டும்தான்" என்று அவளால் பட்டென்று சொல்ல முடிந்தது. அங்கே அந்தச் சொல் அவ்வளவு லேசாக இருந்தது.

வீட்டில்தான் வாய் வரவில்லை. கடைசியில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "இந்தத் தடவை டூர் கம்பெனி எல்லாம் கிடையாது. தனியா போறதுன்னு முடிவு பண்ணியாச்சு. எட்டு மாசம்."

இந்த வாக்கியத்தை ஒரு தடவை நின்று பாருங்கள். போவது யார்? முடிவு பண்ணியது யார்? ஆளையே காணோம். நம் பேச்சில் இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது. சாப்பிட்டாச்சு, கதவைப் பூட்டியாச்சு, பெண்ணைக் கட்டிக் கொடுத்தாச்சு. செய்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை, செய்தவரும் மாட்டிக்கொள்வதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த வீட்டில் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள். "நான்" என்று தொடங்கினால் அவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். அதற்குப் பயந்து பழகிய பேச்சு அது. போதாக்குறைக்கு, "தனியா" என்றால் ஒற்றை ஆளாக என்றும் அர்த்தம், கம்பெனிக்காரன் இல்லாமல் என்றும் அர்த்தம்.

அவர் மென்றுகொண்டே கேட்டார். விழுங்கினார். "பண்ணியாச்சுன்னா பண்ணியாச்சு. நல்லதுதான்," என்றார்.

அவ்வளவுதானா! அவள் எழுந்து குளியலறைக்குப் போய், சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, சிரித்தாள். தேவையில்லாமல் இத்தனை நாள் இந்த மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூடத் தோன்றியது. அந்த வாரம் முழுக்க அவர் சூப்பை உறிஞ்சும் சத்தம் அவள் காதில் விழவேயில்லை.

அடுத்த வாரம் அவர் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். அவள் பை வாங்கிய அதே கடை, அதே நீல நிறம், ஒரு சைஸ் பெரிசு. "ரெண்டும் ஒரே கலர். விமான நிலையத்துல சட்டுனு கண்டுபிடிச்சிடலாம்," என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "ஐயோ, நான் மட்டும்தாங்க போறேன்." ஒரு வரி. அவள் வாயைத் திறந்தாள், மென்றாள், விழுங்கினாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். நாளைக்குள் அவர் மாடி வீட்டுக்காரரிடமும் கீழ் வீட்டுக்காரரிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் சொல்லி முடித்திருந்தார். மருந்துக்கடைக்காரர் அவளைப் பார்த்து, "ரெண்டு பேரும் கிளம்பறீங்களாமே, கொடுத்து வெச்சவங்க," என்றார். பல்லக்கா பல்லைக் காட்டி வைத்தாள். வேறு என்ன செய்வது?

அவர் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு வேலை இல்லை. அதனால் அவளுடைய வேலையை எடுத்துச் செய்ய ஆரம்பித்தார். பையின் எடையைக் குறைக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, இருவருடைய டூத் பிரஷ்களின் காம்பையும் ரம்பத்தால் அறுத்துவிட்டார். மறுநாள் காலை அவள் பல் தேய்க்கப் போனால் இரண்டு மொட்டை பிரஷ்களும் ஒரே டம்ளரில் ஒன்றோடொன்று முகத்தை உரசிக்கொண்டு கிடந்தன. எது யாருடையது என்று தெரியவில்லை. "தெரியலைன்னா என்ன? முப்பது வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டவங்கதானே," என்றார். ஒரே தட்டில் அவர்கள் சாப்பிட்டதே இல்லை. அவள் விரலால் பல் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ஆயிரக்கணக்கான எச்சில்களைக் கழுவிய விரல் அது. அந்த மொட்டை பிரஷைத் தொட மட்டும் மறுத்துவிட்டது.

பிறகு துணி துவைக்கிற ஒத்திகை. வழியில் விடுதிகளில் கையால் துவைத்துக்கொள்ள வேண்டும் என்று, தன்னுடைய ஜட்டிகளைச் சமையலறைத் தொட்டியில் அலசி, அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்தினார். எது சீக்கிரம் காய்கிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சூப் கொதித்துக்கொண்டிருந்தது; அதில் ஒரு சொட்டு விழுந்ததை அவள் தன் கண்ணால் பார்த்தாள். பாத்திரத்தைத் தூக்கி அப்படியே கொட்டிவிட்டு, உப்பு அதிகமாகிவிட்டது என்றாள். ஏன் உப்பின் மேல் பழி போட்டாள்? அதை நினைத்துத்தான் அவளுக்கு அன்றைக்கு அதிகம் கூசியது. அவர் செய்வது அசிங்கம் என்றால், அதைச் சொல்லாமல் பொய்க்கு மேல் பொய்யாகக் கட்டிக்கொண்டிருப்பது மட்டும் என்ன வாழ்கிறது?

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் அவளிடம், "ஏதாவது அலர்ஜி உண்டா?" என்று கேட்டாள். "இவளுக்கு ஊசின்னா பயம்," என்றார் இவர். அவளுக்கு ஊசி பயமில்லை. அவருக்குத்தான் பயம். சட்டையைக் கழற்றி உட்கார்ந்தவர், ஊசி குத்தியதும் அவள் கையைப் பிடித்து நசுக்கிவிட்டு, வெளியே வந்ததும், "நல்ல வேளை நான் கூட வந்தேன்," என்றார்.

பொறுக்க முடியாமல் மகளுக்கு போன் போட்டாள். மகள் வேறு ஊரில் கணவனோடு இருக்கிறாள். இவள் வாயைத் திறப்பதற்குள் மகளே ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, அப்பா எங்கிட்ட பேசினாரு. அவ்வளவு சந்தோஷம் தெரியுமா? குரலே தழுதழுத்துப் போச்சு. ரிட்டையர் ஆனதுல இருந்து அப்பா இப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லம்மா."

"இல்லடி, வந்து... நான் என்ன நெனச்சேன்னா..."

"அப்பா பாவம்மா. தனியா அந்த வீட்ல உக்காந்து என்னதான் பண்ணுவாரு? நல்லவேளை நீ இந்த ஐடியா கொண்டுவந்தே."

"ஆமா," என்று போனை வைத்தாள். அப்பா பாவம். அந்த ஒரு சொல் போதும், ஒரு பெண்ணின் வாயில் பிளாஸ்திரி போட.

இதையெல்லாம்கூட அவள் சகித்திருப்பாள். ஆனால் அன்று சனிக்கிழமை, துறைமுகத்தைத் துடைத்து முடித்துவிட்டு மெயிலைத் திறந்தவளுக்குத் திக்கென்றது. முதல் ஊரில் பெண்கள் மட்டும் தங்கும் விடுதியில் ஜன்னலோரம் ஒரு கட்டில் பதிவு செய்து வைத்திருந்தாள். அது ரத்தாகியிருந்தது. இரண்டாவது ஊரிலும், மூன்றாவது ஊரிலும்கூட. அதற்குப் பதில் இரட்டைக் கட்டில் அறைகள். அவளுடைய பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். அவர் போட்டுக் கொடுத்ததுதான்.

"நீ தெரியாம லேடீஸ் ஹாஸ்டல்ல போட்டுட்டே," என்றார் அவர், காதுக்குள் சாவியை விட்டுக் குடைந்தபடி. "எல்லாத்தையும் மாத்திட்டேன். திங்கட்கிழமை காலைல என் பாஸ்போர்ட்டை விசாவுக்குக் கொடுத்துட்டு, அப்படியே ரெண்டு டிக்கெட்டையும் எடுத்துடறேன்." சாவியை வெளியே எடுத்து, நுனியில் என்ன வந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்த்தார். "அப்புறம் ஒரு விஷயம். வழியில இந்தப் பல்லு உடைஞ்சிடுச்சுன்னா என்ன பண்றது? எனக்கு ஒரு ஸ்பேர் செட் பண்ணிக் கொடுத்துடு. கைவசம் ஆள் இருக்கறப்ப வெளிநாட்டுல போய் எவன்கிட்டயோ வாயைக் காட்டணுமா?"

திங்கட்கிழமைக்கு மேல் சொல்வதில் அர்த்தமில்லை. விசா வந்து டிக்கெட்டும் எடுத்துவிட்டால், எட்டு மாதமும் அந்தப் பிடரிதான். இது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. "சரி, நாளைக்கு லேபுக்கு வாங்க, அளவு எடுத்துடலாம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை லேபில் யாரும் கிடையாது. மாவு அச்சுகளைத் தேய்த்துச் சீராக்கும் இயந்திரம் துணி போர்த்திக் கிடந்தது. மெழுகின் மேஜையில் அரைகுறையாகச் செதுக்கிய கடைவாய்ப் பற்கள் வரிசையாகக் காத்திருந்தன. அளவெடுப்பது டாக்டர்களின் வேலைதான், லேப் ஆட்கள் செய்யக்கூடாது. சொந்த வீட்டு வாய்க்கு யார் கேட்கப் போகிறார்கள் என்று அவரை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் ஒரு துண்டைக் கட்டினாள். பழைய செட்டைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டாள். பசையை வேறொரு கிண்ணத்தில் அடித்துக் குழைத்து ட்ரேயில் நிரப்பினாள்.

"ஆ காட்டுங்க. மூக்கால மூச்சு விடுங்க. அசையக்கூடாது, அசைஞ்சா அளவு போயிடும்."

ட்ரே உள்ளே போனது. இரண்டு விரலால் மேலண்ணத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவருடைய நாக்கு ஒரு நத்தை மாதிரி வந்து அவள் விரலைத் தடவிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. மூக்கிலிருந்து சூடாக மூச்சு அவள் மணிக்கட்டில் அடித்தது. கடைவாயோரம் எச்சில் கோடாக இறங்கித் துண்டில் சொட்டியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பசை இறுகக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை இந்த வாய் பேச முடியாது. முப்பது வருடத்தில் இப்படியொரு சந்தர்ப்பம் அவளுக்கு வாய்த்ததே இல்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள். தன் குரலே யாருடையதோ மாதிரி கேட்டது. "நீங்க வர வேண்டாம். நான் மட்டும்தான் போறேன். அன்னைக்கு சொன்னதும் அதுதான். ஆரம்பத்துல இருந்தே என் நினைப்பு அதுதான். எட்டு மாசமும் நான் மட்டும்."

சொல்லும்போதே விரல்களை இன்னும் இறுக்கினாள். அவர் துள்ளுவார், தலையை உதறுவார், ட்ரேயோடு எழுந்து நிற்பார் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவர் கூரையில் இருந்த குழல் விளக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பாவம், இடிந்து போய்விட்டார் என்று அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது.

நேரம் ஆனதும் ட்ரேயை உலுக்கி, பொளக்கென்று பிடுங்கினாள். பழக்க தோஷத்தில் கை அதைக் குழாயில் காட்டியது, கண் அதை விளக்கடியில் பார்த்தது.

அளவைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் பல்லக்கா. அளவெடுக்கும்போது குமட்டியவன் யார், அழுதவள் யார், போன் அடித்ததும் திடுக்கிட்டவன் யார் என்று எல்லாம் அதில் பதிந்துவிடும். ஒரு துணுக்குற்ற மூச்சு போதும். கன்னம் இழுக்கும், உதட்டோரம் கோடு விழும், பல்லின் விளிம்பு இரட்டையாகத் தெரியும். கையில் இருந்த இந்த அளவில் ஒரு கோடு இல்லை. ஒரு சுருக்கம் இல்லை. அண்ணத்து ரேகைகள்கூட அச்சடித்த மாதிரி இருந்தன. தூங்குகிறவன் வாய்கூட இவ்வளவு அமைதியாகப் பதிந்து அவள் பார்த்ததில்லை.

அளவைக் கையில் வைத்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் தொட்டிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார். ரோஜா நிறத்தில் துப்பினார். தொண்டையைக் காறி இன்னொரு தடவை துப்பினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எது? நீ மட்டும் போறேங்கறதா? தெரியாம என்ன? அன்னைக்கு நீ சாப்பிடறப்ப சொன்னியே, அப்பவே தெரியும். எனக்கென்ன பேச்சு புரியாதா?"

"அப்புறம் எதுக்கு அந்தப் பையை வாங்கினீங்க?"

"வேண்டாம்னு நீ வாயைத் திறந்து சொல்ல மாட்டேன்னு தெரியும்." கோபமே இல்லாமல் சொன்னார். கொஞ்சம் செல்லமாகக்கூடச் சொன்னார். "என்னைக்கு சொல்லியிருக்கே, இதைச் சொல்ல? பையை வாங்கினேன், சொல்லலை. பிரஷ்ஷை அறுத்தேன், சொல்லலை. நேத்து ரூமை எல்லாம் மாத்தினேன், அப்பவும் சொல்லலை. சரி, இவளுக்கும் அப்படி ஒண்ணும் பிடிவாதம் இல்லன்னு விட்டுட்டேன்."

அவள் அந்த மனிதரைப் பார்த்தாள். நகம் வெட்டியது, காது குடைந்தது, ஜட்டி சொட்டியது எல்லாம் ஒரு அசிங்கமே இல்லை. அதெல்லாம் உடம்பு, எல்லோருக்கும் உள்ளதுதான். இதுதான் அசிங்கம். மாதாமாதம் போய் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்கிற மாதிரி, அவள் எவ்வளவு விழுங்குகிறாள் என்று இவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதைவிடக் குமட்டிய இன்னொன்றும் இருந்தது. அவர் போட்ட கணக்கு கிட்டத்தட்ட சரி. அவர் வாயை அடைத்த பிறகுதானே அவளுக்கு வாய் வந்தது?

"சரி விடு, இப்பதான் சொல்லிட்டியே," என்றார் அவர், துண்டை மடித்தபடி. "மனசுல இருந்தது வெளிய வந்துடுச்சு, நல்லதுதான். நாளைக்குக் காலைல நேரத்தோட விசா ஆபீஸ் போகணும். வேலையை முடி."

பல்லக்கா தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பினாள். இப்போது அவர் வாயில் ஒன்றும் இல்லை. பேசலாம், கத்தலாம், எது வேண்டுமானாலும் செய்யலாம்.

"நான் மட்டும் போறேன்," என்றாள்.

அவர் நிமிர்ந்து அந்தப் பார்வையைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. எடுக்காமலிருப்பது இவ்வளவு கஷ்டமா என்று இருந்தது, ஆனாலும் எடுக்கவில்லை.

"என்ன விளையாடறியா? அக்கம்பக்கம் எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. பொண்ணுகிட்ட சொல்லியாச்சு."

"சொல்லியாச்சு இல்ல. நீங்க சொன்னீங்க. நீங்களே போய் மாத்திச் சொல்லுங்க. பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன். ரூமை எல்லாம் திரும்ப மாத்தறேன், பாஸ்வேர்டையும் மாத்தறேன்."

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சட்டென்று வயதாகிவிட்ட மாதிரி இருந்தார். "எட்டு மாசம்," என்றார் கடைசியில், வேறு குரலில். "எட்டு மாசம் நான் இங்க ஒத்தையா என்ன பண்றது?"

அதுதான் அவர் அந்தப் பையை வாங்கிய நாளிலிருந்து சொன்ன முதல் உண்மை. பாவமாகத்தான் இருந்தது. இதையே அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் கேட்டிருந்தால் ஒருவேளை அவள் எட்டை நாலாக்கியிருப்பாள். அவர் கேட்கவில்லையே! பாவம் ஒரு பக்கம் இருக்க, குமட்டல் அதன் பக்கத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தது. இரண்டையும் அவள் அப்படியே இருக்க விட்டாள்.

"தெரியல," என்றாள். "யோசிச்சுப் பாருங்க."

கிண்ணத்திலிருந்து அவருடைய செட்டை எடுத்துக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்தாள். அவர் அதை வாய்க்குள் தள்ளி, நாக்கால் சரிசெய்து, இரண்டு தடவை கடித்துப் பார்த்தார். அவள் ட்ரேயைக் கவிழ்த்து, அவ்வளவு அழகாகப் பதிந்திருந்த அந்த வாயைக் கத்தி முனையால் நெம்பிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"ஏய், ஏய், அதை ஏன் போடறே? என் ஸ்பேர் பல்லு?"

"ஸ்பேர் எதுக்கு?" என்றாள் பல்லக்கா, கையைக் கழுவிக்கொண்டே. "நீங்கதான் எங்கேயும் போகலையே."